டர்போ காரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? ராமநாதபுரம் கடற்கரைக்கு ஏற்ற ஒரு கணக்கு

வாரண்டி முடியும் தேதி நெருங்கும்போதுதான் டர்போ கார் வைத்திருப்பவருக்குப் பயம் பிடிக்கிறது. "டர்போ போனால் லட்ச ரூபாய்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும் வீடியோ ஒன்று போனில் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து ஷோரூமிலிருந்து எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று அழைப்பு வரும். மூன்றும் சேர்ந்தால் நல்ல வண்டியைக்கூடத் தள்ளிவிடத் தோன்றும்.

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த முடிவில் இன்னும் மூன்று விஷயங்கள் சேர்கின்றன: உப்புக் காற்று, ஊருக்குள்ளேயே ஓடும் குட்டி ஓட்டம், பெரிய வேலை என்றால் மதுரைக்குப் போக வேண்டிய தூரம். இவற்றை விட்டுவிட்டு கோயம்புத்தூர்க்காரர் போட்ட கணக்கை இங்கே எடுத்துவந்தால் ஒத்துவராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்க்காமல், பயத்துக்காக மட்டும் வண்டியை மாற்றுவது அனேகமாக நஷ்டத்தில்தான் முடியும். வண்டி எண்ணெய் குடித்தாலோ, எஞ்சினின் வடிவமைப்பிலேயே குறை இருந்து அதற்கு இங்கே வைத்தியம் கிடைக்காவிட்டாலோ, உங்கள் ஓட்டத்துக்கு அந்த எஞ்சின் பொருந்தாவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

டர்போ ஏன் போகிறது

புகைக்குழாய் வழியாக வெளியேறும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிறிய பெட்ரோல் கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். அந்த வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஆகவே டர்போவின் ஆயுள் என்பது பெரும்பாலும் எஞ்சின் ஆயிலின் ஆயுள்தான். ஆயில் கெட்டியாகி, கருகி, டர்போவுக்கு வரும் மெல்லிய குழாயை அடைத்தால் தண்டு காய்ந்து தேயும். தேய்ந்த தண்டு ஆட ஆரம்பித்ததும் சீல் வழியாக ஆயில் கசிந்து நீலப் புகை வரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக நல்ல வேகத்தில் வந்து, பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஓரங்கட்டி, சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டுக் கடலைப் பார்க்க இறங்குகிறோம். (அங்கே நிறுத்துவதே பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல்.) எஞ்சின் நின்றதும் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். பழுக்கச் சூடேறிய டர்போவுக்குள் தேங்கிய ஆயில் அங்கேயே கருகும். தண்ணீரால் குளிரூட்டும் டர்போக்களில் பாதிப்பு குறைவு. பல கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் ஒரு மின்சார பம்ப் கொஞ்ச நேரம் கூலன்டைச் சுழற்றும். இருந்தாலும் வேகமாக வந்த வண்டியைக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, அரை நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பது செலவில்லாத பாதுகாப்பு. சிக்னலில் தானாக அணையும் வசதி இருந்தால், நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும்போது அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

அடுத்தது குட்டி ஓட்டம். பஜாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டாது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை) எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கசிந்து ஆயிலோடு கலக்கும்; ஆயில் நீர்த்துப்போகும். ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போவில் இந்தப் புகார் 2018 வாக்கில் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் கிளம்பி, பிறகு அமெரிக்காவிலும் வாரண்டியை நீட்டிக்கும் அளவுக்குப் போனது. அந்த வீடியோக்களைப் பார்த்து இங்கே பயப்படத் தேவையில்லை. அந்தக் குளிர் நமக்கு இல்லை. ஆனால் ஆயில் முழுதாகச் சூடேற வேண்டும் என்ற பாடம் இங்கேயும் பொருந்தும்: வாரம் ஒரு முறையாவது ராமநாதபுரம்–தேவிபட்டினம் போல ஒரு முழு ஓட்டம் அந்த வண்டிக்கு வேண்டும்.

நேரடி இன்ஜெக்‌ஷனில் இன்னொரு சங்கடம், இன்டேக் வால்வில் கரி படிவது. பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டு போகாததால் கரி தங்கிவிடுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உதறுவது அதன் முதல் அடையாளம். ஹூண்டாய், கியாவின் 1.0 டர்போ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டி.எஸ்.ஐ., மாருதியின் 1.0 பூஸ்டர்ஜெட் எல்லாம் நேரடி இன்ஜெக்‌ஷன். டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரானும் நிசான் மேக்னைட்டின் 1.0 டர்போவும் வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தெளிக்கும் பழைய முறை. அவற்றில் இந்தக் கரித் தொல்லை குறைவு. "டர்போ" என்று ஒரே பெயரில் சொன்னாலும் எஞ்சினுக்கு எஞ்சின் நோய் வேறு. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது.

ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட் தனி ரகம். அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டாலோ தப்பான ஆயில் ஊற்றினாலோ ரப்பர் உதிர்ந்து ஆயில் சம்ப்பின் வலையை அடைக்கும். பிரஷர் இறங்கி டர்போவோடு எஞ்சினும் போகும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட எஞ்சின் உங்களிடம் இருந்து, பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால், பெல்ட்டை மாற்றத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பை முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் விற்றுவிடுவதே சரி.

உப்புக் காற்று செய்யும் வேலை

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அரிப்பினாலேயே 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியது. அந்தப் பாலத்தை அரித்த காற்றுதான் நம் காரின் அடியையும் தடவிக்கொண்டு போகிறது. டர்போ காரில் அது தாக்கும் முதல் இடம், டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர். முன் பம்பரின் கீழ் வலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் மெல்லிய வரிவரியாகத் தெரியும். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டாலே வெண்பொடியாக உதிர்ந்தால் உப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். இன்டர்கூலர் ஓட்டையானால் அழுத்திய காற்று கசிந்து பிக்கப் குறையும். பலர் "டர்போ போச்சு" என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். டி.எஸ்.ஐ. எஞ்சினில் இன்டர்கூலர் உள்ளே மேனிஃபோல்டோடு சேர்ந்து தண்ணீரில் குளிர்வதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் முன்னால்தான் நிற்கிறது.

அடுத்த இடம் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரின் கம்பி. டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் புகை வாயுவைத் திருப்பிவிடும் சின்னக் கதவை இயக்குவது அதுதான். துரு ஏறி இறுகினால் அழுத்தம் சில நேரம் குறையும், சில நேரம் கூடும். ஸ்கேனரில் பி0299 அல்லது பி0234 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வரும். துருவைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடிகிற கேஸ்கள் பல. நேராக டர்போ அசெம்பிளியையே மாற்றச் சொன்னால், "கம்பி அசைகிறதா என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்வந்ததும் அடியைக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் நம் ஊர்ப் போர்த் தண்ணீரே பல இடங்களில் உப்பு. அதால் கழுவிக் காயவிட்டால் உப்பின்மேல் உப்பு சேரும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ வேறு நல்ல தண்ணீரோ கொண்டு, கடைசி அலசலாவது செய்யுங்கள். பிரஷர் கன்னை இன்டர்கூலர்மீது நேராகப் பிடிக்காதீர்கள்; தகடு மடங்கிக் காற்றுப் பாதை அடையும். ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் டர்போ வண்டியில் விஷம். டர்போவைச் சுற்றி ஓடும் மெல்லிய கூலன்ட் பாதையில் உப்புப் படிந்தால் சூடு தணியாது. கம்பெனி சொன்ன கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. அவசரத்துக்கு வேறு எது ஊற்றினாலும் அதே வாரம் முழுக்க வடித்து மாற்றிவிடுங்கள்.

மணல் காற்று வீசும் மாதங்களில் ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குப் பாதியிலேயே பாருங்கள். ஃபில்டர் மூடி சரியாக உட்காராமல் இடுக்கு விழுந்தால் நுண்மணல் நேராக டர்போவின் காற்றுச் சக்கரத்தில் அடித்து இறக்கையின் விளிம்பைத் தின்னும்.

மீன் பெட்டி ஏற்றும் கார்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங்கில் இறங்கும். அந்த வண்டியில் வரும் பழுதுக் குறியீடுகளில் பாதி டர்போவைப் பற்றியதாக இருக்காது. கனெக்டர் துருவாக இருக்கும்.

முடிவுக்கு முன் சோதனை

விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். ஒரு மாதம் போதும்.

முதலில் ஆயில் குடிக்கிறதா என்ற சோதனை. சமதளத் தரையில் சூடான எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோடு வரை அதே கிரேடு ஆயிலால் நிரப்பிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மறுபடி மேல் கோட்டுக்கு வர எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக் குவளையில் அளந்து எழுதுங்கள். 200 மில்லிக்குள் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். 500 மில்லியைத் தாண்டினால் டர்போ சீல், பிஸ்டன் ரிங், பிரீதர் வால்வு மூன்றில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அளவு குறையாமல் கூடியிருந்து, குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் முன்னே சொன்ன நீர்ப்பு நடக்கிறது.

பிறகு ஒர்க்‌ஷாப்பில் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே விரலில் ஒட்டும் மெல்லிய ஆயில் பூச்சு இயல்பு. சாய்த்தால் சொட்டும் அளவுக்குத் தேங்கியிருந்தால் இயல்பில்லை. காற்றுச் சக்கரத்தின் நட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறக்கை கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த டர்போ முடிந்தது.

ஸ்கேனர் போட்டு ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் கேட்கும் பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) எவ்வளவு, கிடைக்கும் பூஸ்ட் எவ்வளவு என்று இரண்டையும் ஒன்றாகத் திரையில் வைக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கும் கிடைப்பதற்கும் இடைவெளி இருந்தால் முதலில் ஹோஸ் கிளாம்ப், விரிசல் விட்ட ரப்பர், மேப் சென்சார், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் என்று விலை குறைந்ததிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். ஸ்மோக் டெஸ்ட் கருவி வைத்திருக்கும் இடமானால் கசிவு உடனே தெரியும். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் கடைசி. சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும்.

ரேம்ப்பில் ஏற்றி அடியையும் பாருங்கள். பிரேக் பைப், சஸ்பென்ஷன் ஆர்ம், சைலன்சர் ஃபிளாஞ்ச், சைடு சில்லின் உள்விளிம்பு. விலை பேச வரும் மதுரை வியாபாரி கடற்கரை வண்டி என்றால் முதலில் குனிந்து பார்ப்பது இங்கேதான். டி.என். 65 பலகையைப் பார்த்ததுமே அவர் மனதில் ஒரு கழிவு விழுந்திருக்கும்.

உள்ள வழிகள், ஒரு உதாரணக் கணக்கு

ஐந்து வருடம் ஓடிய, 55,000 கி.மீ. கண்ட ஒரு 1.0 டர்போ காரை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்சில் போனஸோடு 6 லட்சம், நேராக விற்றால் 6.5 லட்சம், மாற்றாக வாங்க நினைக்கும் டர்போ இல்லாத பெட்ரோல் கார் ஆன்ரோடு 11 லட்சம் என்று வைப்போம். இவை உதாரணத்துக்கான எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் கையிலிருந்து 5 லட்சம். அதை 9 சதவீத வட்டியில் 60 மாதக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். வட்டி மட்டும் 1,22,000-க்கு மேல். அதோடு புது வண்டி முதல் வருடமே கணிசமாக விலை இறங்கும். வைத்துக்கொண்டால் என்ன செலவு? வருடத்துக்கு ஒரு ஆயில் சர்வீஸ் கூடுதல். ஐந்து வருடத்தில் ஒரு முறை டர்போ அசெம்பிளியே மாற்ற நேரிடலாம் என்று ஒதுக்கீடு. அதன் விலையைக் காதில் கேட்டதை வைத்து முடிவு செய்யாமல், சேஸ் நம்பர் கொடுத்துப் பார்ட்ஸ் கவுண்டரில் எழுதி வாங்குங்கள். ஆக்சுவேட்டர் தனியாகக் கிடைக்கிறதா, ஆயில் ஃபீட் பைப் என்ன விலை, லேபர் எத்தனை மணி நேரம் என்று சேர்த்துக் கேளுங்கள். அநேகமாக எல்லாம் கூட்டினாலும் கடன் வட்டிக்கு உள்ளேயே அடங்கிவிடும். சோதனையில் தேறிய வண்டியை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நீட்டித்த வாரண்டி இன்னொரு வழி. பெரும்பாலும் மூல வாரண்டி முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். வாங்குமுன் பத்திரத்தில் டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் மெக்கட்ரானிக்ஸ் (கியரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி) மூன்றும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று படியுங்கள். "தேய்மானத்தால் வரும் பழுது சேராது" என்ற வரியை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு சர்வீஸைக்கூட ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் மறுக்க வழி உண்டு. உங்கள் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப் ராமநாதபுரத்திலேயே இருந்தால் இந்த வழி அருமை. மதுரைதான் என்றால், ராமேஸ்வரத்திலிருந்து 170 கி.மீ. இழுத்துப் போகும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காரின் சாதாரண இன்ஷூரன்ஸ் எஞ்சின் தேய்மானத்துக்குப் பணம் தராது. எஞ்சின் புரொடெக்‌ஷன் என்று கூடுதலாகப் போடுவதும் தண்ணீர் புகுந்தது போன்ற விபத்துகளுக்குத்தான்.

நேராக விற்பது எக்ஸ்சேஞ்சைவிடக் கூடுதல் பணம் தரும், ஆனால் அலைச்சல். 2025 செப்டம்பர் 22-இல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. குறைந்து புது வண்டி விலை இறங்கியதால், பழைய வண்டி விலையும் கூடவே இறங்கியது. அதற்கு முன் யாரோ விற்ற விலையை மனதில் வைத்துப் பேரம் பேச முடியாது. எக்ஸ்சேஞ்ச், நேர் விற்பனை இரண்டுக்கும் வித்தியாசம் 40,000-க்குக் கீழ் என்றால் எக்ஸ்சேஞ்சே போதும் என்பேன். பழுது இருப்பது தெரிந்து விற்றால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும். அவரும் பிள்ளைகளோடு இரவில் அந்த ரோட்டில்தான் போகப் போகிறார்.

இருப்பதிலேயே மோசமான வழி, புது டர்போ போட்டுவிட்டு உடனே விற்பது. போட்ட பணத்தை விலையில் யாரும் தர மாட்டார்கள். வைத்துக்கொள்ள முடிவு செய்தால் மட்டும் டர்போவை மாற்றுங்கள். மாற்றும்போது பழைய டர்போ ஏன் போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் பூட்டவிடாதீர்கள். ஆயில் ஃபீட் பைப்பைக் கழுவாமல் புதிதாகவே போட வேண்டும். திரும்பி வரும் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும், உடைந்த இறக்கைத் துணுக்கையும் எடுக்க வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் புதிது. கடைசியாக டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சில நொடி கிராங்க் செய்து, ஆயில் பிரஷர் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால் புது டர்போ முதல் நிமிடத்திலேயே காய்ந்து ஓடித் தேய்ந்துவிடும்.

மாற்றுவதென்றால் எதற்கு

"டர்போவே வேண்டாம், டீசல் வாங்கிக்கொள்கிறேன்" என்பவர்கள் உண்டு. இன்று விற்கும் டீசல் கார் ஒவ்வொன்றிலும் டர்போ இருக்கிறது. அதோடு பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரும் சேர்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை வேகத்தில் கால் மணி நேரமாவது தொடர் ஓட்டம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை மதுரை போய்வருபவருக்கு டீசல் பொருந்தும். ராமேஸ்வரம் ஊருக்குள் மட்டும் ஓடுபவருக்கு அது தொல்லையை விலை கொடுத்து வாங்குவது.

டர்போ இல்லாத பெட்ரோல்தான் நேரான மாற்று. அதன் இழுவையைத் தெரிந்து வாங்குங்கள். 1.2 லிட்டர் சாதாரண எஞ்சின்கள் 110 முதல் 115 நியூட்டன் மீட்டர் தருகின்றன, அதுவும் பெரும்பாலும் 4,000 சுற்றை ஒட்டித்தான் உச்சம். 1.0 டர்போ பெரும்பாலும் 1,500–2,000 சுற்றிலேயே சுமார் 150 முதல் 178 வரை தரும். நம் பக்கம் மேடே இல்லை. பாம்பன் பாலத்தின் ஏற்றம்தான் பெரிய ஏற்றம். அதனால் ஊர் ஓட்டத்துக்கு 1.2 தாராளம். வித்தியாசம் தெரியும் இடம் தேசிய நெடுஞ்சாலை 87-இல் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில், எதிரே வண்டி வரும் ரோட்டில் பக்தர்கள் பஸ்ஸை முந்தும்போது. அந்த 46.7 கி.மீ.யை நான்கு வழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் தந்திருக்கிறது. அது முடியும்வரை 1.2 காரில் ஐந்து பேரும் லக்கேஜுமாகப் போனால் முந்தும் இடத்தைப் பொறுமையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் இழுவைக்கு நல்ல நடுவழி. 137 முதல் 145 நியூட்டன் மீட்டர். ஆனால் வரியில் அடி விழும். 4 மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பிரெஸ்ஸாவைப் போல நீளம் 4 மீட்டருக்குள் இருந்தாலும் எஞ்சின் 1.5 லிட்டர் என்றால் 40 சதவீதம். சிறிய டர்போ எஞ்சின்களைக் கம்பெனிகள் விடாமல் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டு வாழ்நாள் வரியும் 2023 நவம்பர் முதல் 5–10 லட்சத்துக்கு 13 சதவீதம், 10–20 லட்சத்துக்கு 18 சதவீதம். 9.9 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700, 10.1 லட்சம் வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் மதிப்புள்ள ஒரு சன்ரூஃபுக்காக வரியில் 53,100 கூடுதலாகக் கட்டாதீர்கள்.

கியர்பாக்ஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டர்போவோடு சேர்த்து விற்கும் உலர் கிளட்ச் டி.சி.டி. கியர்பாக்ஸ்தான் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் வகை) சிலருடைய உண்மையான கவலை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் சூடேறும். முன்வண்டிக்கு இடைவெளி விட்டு, நின்று, ஒரே தடவையாக நகர்ந்தால் கிளட்ச் பிழைக்கும். பிரேக்கை அரைகுறையாக விட்டுவிட்டு உருட்டினால் தேயும். முதல் கியரில் ஏற்கனவே உதறல் இருந்தால், டர்போ நன்றாக இருந்தாலும் அந்த வண்டியை வாரண்டிக்குள் சரிசெய்யுங்கள் அல்லது விற்றுவிடுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் கீழக்கரை, தொண்டிக் குடும்பங்களுக்குத் தனியாக: வருடத்தில் ஒன்பது மாதம் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு டர்போ தேவையே இல்லை. நிற்கும் ஆயிலில் ஈரம் சேரும், பிரேக் டிஸ்க் துருவேறும், பேட்டரி இறங்கும். இவர்களுக்கு எளிமையான 1.2 மேனுவல் கார் போதும். கிலோமீட்டர் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற ஆளிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

வைத்துக்கொள்பவர்கள் ஆயிலைக் கம்பெனி சொல்லும் 10,000 அல்லது 15,000 கி.மீ. வரை இழுக்க வேண்டாம். ஊர் ஓட்டம் என்றால் 5,000, நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் 7,500. கிரேடு மேனுவலில் உள்ளதுதான், கேனில் ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த சுற்றில் சிலிண்டருக்குள் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுக்க அந்தத் தரம் உதவுகிறது. அதே காரணத்துக்காக, நாலாவது கியரில் 1,200 சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்காமல் ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள்.

விற்கிறீர்கள் என்றால் காகிதம்

கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷனை (கடன் பதிவை) நீக்குங்கள். படிவம் 29, 30 இரண்டையும் முழுதாக நிரப்புங்கள்; படிவம் 30-இல் வாங்குபவரின் கையெழுத்தும், கூடவே அவருடைய அடையாள அட்டை நகலும் இருக்க வேண்டும். தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். பெயர் மாறும்வரை விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஷோரூம் எக்ஸ்சேஞ்சிலும் இதே ஆபத்து உண்டு. வண்டி அவர்கள் கைக்குப் போன தேதியும் நேரமும் போட்ட டெலிவரி ரசீது வாங்கி, பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்கள்.

இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் இல்லாமல் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையதன்று. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் 50 சதவீதம். கம்பெனியிடம் சான்றிதழ் வாங்கினால் புது வண்டியின் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் கழிக்கலாம். மூன்று வருடம் வரை செல்லும். ஷோரூமில் இதைத் தாங்களாகச் சொல்வது அரிது. ஃபாஸ்டேக்கையும் மறக்காமல் மூடுங்கள். கண்ணாடியிலிருந்து கிழித்தால் மட்டும் போதாது. கொடுத்த பேங்கில் கணக்கை முடிக்கச் சொல்லி மிச்சப் பணத்தைத் திரும்பப் பெறுங்கள்.